கையெழுத்துக்குச் சின்னமுத்து

நான்காவது சாம்பிளும் தரையில் விழுந்து உடைந்தபோது பாண்டியராஜ் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"அண்ணே, அது டைல்ஸ்ணே. போட்டா உடையும்."

"அடடா, கைப்பழக்கம்ணே. மனசுல வச்சுக்காதீக," என்று சின்னமுத்து குனிந்து சில்லுகளைப் பொறுக்கினார். பொறுக்கியதையும் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஓரமாக வைத்தார்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. போடி ஏல சென்டரில் முப்பது வருடமாக ஏலக்காய் மூட்டையிலிருந்து சாம்பிள் எடுத்துத் தட்டில் போட்டுக் கொடுக்கிறவர். அங்கே வியாபாரிகள் ஒரு கை அள்ளுவார்கள், குலுக்குவார்கள், முகர்வார்கள். பிடிக்கவில்லையென்றால் அப்படியே தரையில் வீசிவிட்டு அடுத்த தட்டுக்குக் கையை நீட்டுவார்கள். ஏலம் முடிந்து எழுந்தால் செருப்புக்கடியில் ஏலக்காய் நெறுநெறுக்கும். முப்பது வருடம் அதையே பார்த்த மனிதரிடம் சாம்பிள் என்று எதை நீட்டினாலும் கை பழைய வழியில்தான் போகும். முந்தின வாரம் திரைச்சீலைத் துணியைக் கூடக் குலுக்கிப் பார்த்தார்.

"அப்ப டைல்ஸ் வேணாமாண்ணே?"

"தரை இருக்கட்டும்ணே. இந்தச் செவப்புத் தரையில சித்திரை மாசம் மத்தியானம் சட்டையைக் கழட்டிட்டுப் படுத்துப் பாருங்க. மலை மேல படுத்த மாதிரி இருக்கும்."

"விரிசல் விட்டிருக்கேண்ணே!"

"எனக்கும்தான் குதிங்கால்ல வெடிச்சிருக்கு. அதுக்காக மாத்தவா செய்யுறோம்?" என்று சொல்லி, டைல்ஸ் வேண்டாம் என்று எழுதிய தாளில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார் சின்னமுத்து.

வந்து இறங்கியிருந்த ஒரு லோடு டைல்ஸைத் திருப்பி எடுக்கமாட்டேன் என்று கடைக்காரன் சொல்லிவிட்டான். அது பாண்டியராஜின் வீட்டு வாசலில் போய் இறங்கியது.

பாண்டியராஜும் அவன் மனைவி பானுப்பிரியாவும் சேர்ந்து போடியில் இன்டீரியர் தொழில் நடத்தினார்கள். பானு கம்ப்யூட்டரில் படம் போடுவாள். அவன் ஆள் பிடித்து வேலையை முடிப்பான். இதுவரை முடித்ததெல்லாம் கடைகள்: மூன்று செல்போன் கடை, ஒரு பல் ஆஸ்பத்திரி, ஒரு வளையல் கடை. வீடு என்று ஒன்று கிடைத்தது இப்போதுதான். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் நெடுநாள் பூட்டிக் கிடந்த பழைய ஓட்டு வீடு. ஆஸ்திரேலியாவில் இருக்கும் அன்புச்செல்வன் இன்டர்நெட்டில் தேடிப் பிடித்து இவர்களிடம் வேலையை ஒப்படைத்திருந்தார்.

இந்த வீட்டை நம்பி இன்னொன்றும் இருந்தது. போடிமெட்டில் பதினான்கு ரூம் வைத்து லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்த திருப்பதி ஐயா ஒரே வார்த்தைதான் சொல்லியிருந்தார்: "நீ முடிச்ச வீடு ஒண்ணைக் காட்டு தம்பி. புடிச்சிருந்தா பதினாலு ரூமும் உனக்கு." அது கிடைத்தால் பாண்டியராஜ் பெரிய ஆள். கிடைக்காவிட்டால் நாலாவது செல்போன் கடை.

அதனால்தான் அவன் அவசரப்பட்டான். ஆரம்பத்தில் ஒவ்வொன்றுக்கும் அன்புச்செல்வனின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. கதவுக் கைப்பிடிக்கு நாலு நாள், பாத்ரூம் குழாய்க்கு ஒரு வாரம்.

"இப்படிப் போனா சோலி வெரசா முடியாதுண்ணே. இங்க யாருக்காச்சும் ஒரு பவரைக் குடுத்துட்டா உடனுக்குடனே கையெழுத்து வாங்கிக்குவேன்," என்று போனில் அவனேதான் யோசனை சொன்னான். தன் தலையில் தானே மண் வாரிப் போட்டுக்கொள்வது என்பது இதுதான்.

"செலவு பூரா என்னோடது, வீட்டு வேலைக்கான பவர் பத்திரமெல்லாம் பொங்கலுக்கு வந்தப்பவே பதிஞ்சாச்சுண்ணே. காப்பி அனுப்புறேன். கையெழுத்துக்குத்தான் அங்க சின்னமுத்து இருக்கானே, அவன்ட்ட வாங்கிக்கங்க," என்றார் அன்புச்செல்வன்.

காப்பி வந்தது. ஆறு பக்கம். முதல் பக்கத்தில் ஆரம்பித்த வாக்கியம் ஐந்தாம் பக்கத்தில்தான் முடிந்தது. பாண்டியராஜ் முதல் பக்கத்தில் முத்திரையைப் பார்த்தான். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த இரண்டு போட்டோக்களைப் பார்த்தான். கோட்டுப் போட்டவர் அன்புச்செல்வன், நீலச் சட்டை சின்னமுத்து.

"படிச்சீங்களா?" என்று பானு கேட்டாள்.

"பாத்துட்டேன்," என்று ஃபைலில் வைத்துவிட்டான்.

அன்று தொடங்கியது ஏழரை.

டைல்ஸுக்கு அடுத்தது பின்ரூம் ஜன்னல். அந்தச் சுவர் முழுக்க ஆளுயர அலமாரி அடிப்பதாக பானு படம் போட்டிருந்தாள். அதற்கு ஜன்னலை அடைக்க வேண்டும்.

"முடியாதுண்ணே," என்றார் சின்னமுத்து.

"அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு ஜன்னல்? வெறும் தண்டவாளம்."

"அதுக்குத்தாண்ணே ஜன்னல். நானும் அன்பும் பள்ளிக்கூடத்துக்குக் கெளம்புறதே மதுரை ரயிலு சத்தத்த வச்சுத்தான். அப்புறம் அகலப்பாதையா மாத்துறோம்னு ரயில நிப்பாட்டிட்டாக. பன்னெண்டு வருசம் இந்த ஜன்னலத் தெறக்க மனசே வரல. இப்பத்தான் ரயிலு திரும்ப வந்துருக்கு. இப்பப் போயி அடைக்கச் சொல்றீகளே, நல்லாவா இருக்கு?"

சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு ஒருவரிடம் அலமாரியைப் பற்றிப் பேச முடியாது. அறுத்துத் தயாராக இருந்த அலமாரியும் பாண்டியராஜின் வீட்டுக்குப் போனது.

பிறகு நிலைக்கதவு. அதில் பென்சிலால் கோடு கோடாகக் கிழித்து, பக்கத்தில் 'சி' என்றும் 'அ' என்றும் எழுதியிருந்தது. வருடா வருடம் இரண்டு பையன்களும் உயரம் பார்த்த கோடுகள். ஆறாம் வகுப்பு வரை 'சி' மேலே இருந்தார். அதற்குப் பிறகு 'அ' கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டார். பாலிஷ் போட்டால் கோடு போய்விடும் என்று அதற்கும் தடை.

பாண்டியராஜ் பொறுக்கமாட்டாமல் ஆஸ்திரேலியாவுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, எதைக் காட்டினாலும் வேணாம்ங்கிறாருண்ணே. நீங்க ஒரு வார்த்த சொல்லி மாத்துங்க."

அன்புச்செல்வன் சிரித்தார். "அவன மீற எனக்கு ஏதுண்ணே அதிகாரம்? அவன் சொன்னா அதான்."

"இருந்தாலும் வீடு அழகா வரணும்ல?"

"அந்த வீட்டுச் சோத்தைத் தின்னு வளந்தவன் நான். எப்படி இருந்தாலும் எனக்கு அழகுதாண்ணே."

அவரவர் வீட்டுச் சோற்றைத் தின்றுதான் எல்லோரும் வளர்கிறார்கள், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தபடி போனை வைத்தான் பாண்டியராஜ்.

நேர்வழி அடைபட்டதால் குறுக்குவழி யோசித்தான். எதற்கெடுத்தாலும் கையெழுத்துக் கேட்டால் மனிதர் சலித்துப்போய்ப் பார்க்காமலே போட ஆரம்பித்துவிடுவார் என்று கணக்குப் போட்டான். ஆணிக்கு ஒரு தாள், கீலுக்கு ஒரு தாள், சுவிட்சுக்கு ஒரு தாள் என்று ஒரே நாளில் அறுபது தாள் நீட்டினான்.

சின்னமுத்து மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு செவப்புத் தரையில் சம்மணமிட்டு அறுபதையும் படித்தார். இதுவரை அவர் கண்ணில் படாமல் தப்பியிருந்த சங்கதிகளெல்லாம் அதில்தான் வெளிப்பட்டன.

"ஹால்ல ஓட்டுக்குக் கீழ இன்னொரு கூரையாமே, அது என்னண்ணே?"

"ஃபால்ஸ் சீலிங்ணே. ஓடு தெரியாம மறைச்சு, லைட்டுப் போட்டு..."

"ஓடு தெரியலைன்னா மழை பேயுறது எப்படித் தெரியும்?"

ஃபால்ஸ் சீலிங்கும் பாண்டியராஜின் வீட்டுக்குப் போனது.

மிச்சம் இருந்தது அடுக்களை. திருப்பதி ஐயாவுக்குக் காட்ட அது ஒன்றாவது தேற வேண்டும். ஏலம் நடக்கிற நாளில் சின்னமுத்து சென்டரை விட்டு அசைய முடியாது. அப்படி ஒரு நாள் பார்த்து ஆட்களைக் கூட்டிப் போய், காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் புத்தம் புதிய மாடுலர் கிச்சனை மாட்டி முடித்தான். மேலே பழைய துணியைப் போட்டு மூடியும் வைத்தான்.

ஆறு மணிக்குச் சின்னமுத்து சைக்கிளில் வந்தார். வாசலில் நின்றபடியே மூக்கை உறிஞ்சினார்.

"ஃபெவிக்கால் வாசம் வருது."

"கதவுக்குப் போட்டதுண்ணே."

"கதவுக்குப் போட்டா இம்புட்டு வராதே. எட்டுப் பலகைக்கு மேல இருக்கும்." ஏலக்காயில் ஈரம் எவ்வளவு என்று மூட்டைக்கு வெளியே நின்றே சொல்லுகிற மூக்கு. நேராக அடுக்களைக்குப் போய்த் துணியை விலக்கினார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா இங்கனதான் அம்மி இருக்கும். அது கொல்லையில கெடக்கு. திரும்பக் கொண்டாந்து போட்டுருவோம்ணே," என்றார்.

மாடுலர் கிச்சனைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள். எங்கே கொண்டுபோவது என்று டிரைவர் கேட்கவே இல்லை; அவனுக்கு வழி பழகியிருந்தது.

பானுவுக்கு மட்டும் இந்த விவகாரத்தில் எந்த வருத்தமும் இருந்த மாதிரி தெரியவில்லை. ஊருக்கெல்லாம் வீடு அலங்கரிக்கிற மனிதனின் சொந்த வீட்டு அடுக்களை அலமாரிக்குப் பன்னிரண்டு வருடமாகக் கதவு கிடையாது. இப்போது ஆட்களைக் கூப்பிட்டு வந்த சாமானை எல்லாம் ஒவ்வொன்றாக மாட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சின்னமுத்தண்ணன் நல்லா இருக்கணும். ஹாலுக்கு ஏதாச்சும் சோபா காட்டிப் பாருங்களேன்," என்றாள்.

பாண்டியராஜுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பவர் பத்திரத்தின் காப்பியை எடுத்துக்கொண்டு பதிவு ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதுகிற பொன்னுமணியிடம் போனான். பொன்னுமணி அறுபது வயதுக்காரி. போடியில் பாதி வீடுகளின் பத்திரம் அவள் கையால் அடித்ததுதான்.

"அக்கா, இந்தப் பவரை ரத்து பண்ணணும்."

"குடுத்தவரு வந்து கையெழுத்துப் போடணுமே தம்பி."

"அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழமை பால் காய்ச்சுறாக. அன்னைக்கு ஊர்லதான் இருப்பாரு. எழுதி அங்கேயே கொண்டாந்துருங்கக்கா, நான் பேசிக் கையெழுத்து வாங்கித் தர்றேன். போன்ல எத்தனையோ தடவ புகார் சொல்லிப் பாத்துட்டேன், மனுசன் சிரிச்சே மழுப்புறாரு. நேர்ல வீட்டைப் பாத்தாருன்னா தெரியும்."

"வச்சுட்டுப் போ. ஊர்க் கோயில் திருவிழா முடியட்டும், பாக்குறேன்," என்று பொன்னுமணி வாங்கி வைத்தாள்.

இதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் அது நடந்தது.

வீட்டின் மூலையில் ஒரு சாமான் ரூம். ஒரு காலத்தில் ஏலக்காய் மூட்டை அடுக்கியிருந்த இடமாம். அதை மட்டும் பூசி வெள்ளையடிக்கச் சின்னமுத்து சம்மதித்திருந்தார். பாண்டியராஜ் கொத்தனார் கரணையால் பழைய சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தான். கரணை பட்டதும் சுவரிலிருந்து மணம் வந்தது. டப்பாவைத் திறந்தால் வருகிற கடை ஏலக்காய் மணம் இல்லை. பழையது, கனமானது, கொஞ்சம் புகை கலந்தது.

பாண்டியராஜ் குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட் லயத்தில், கூலி ஆட்களின் வரிசை வீட்டில் பிறந்தவன். ஒரே ரூம், ஆறு பேர், செவப்புத் தரை. அவன் அம்மா காய் எடுக்கப் போய்விட்டு இருட்டும் நேரம் திரும்புவாள். அவள் சேலையிலும், கறை பிடித்துக் கறுத்த விரல்களிலும் இதே மணம்தான் இருக்கும். அந்த விரலால் சோறு பிசைந்து ஊட்டும்போது சோறும் மணக்கும். "செவப்புத் தரையே இல்லாத வீட்டுல உன்ன உக்கார வைக்கிறேன்த்தா," என்று எட்டாவது படிக்கும்போது அவளிடம் சொல்லியிருந்தான். அவன் கடை போடுவதற்கு முந்தின வருடமே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கரணையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தான். அழுகை வந்தது, அழுதான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஏறிட்டுப் பார்த்தால் வாசலில் சின்னமுத்து நின்றுகொண்டிருந்தார்.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உள்ளங்கையால் தரையைத் தடவினார்.

"குளுகுளுன்னு இருக்குல்லண்ணே?" என்றார்.

"ஆமாண்ணே," என்றான் பாண்டியராஜ்.

அந்தச் சுவரைப் பூச வேண்டாம் என்று அன்று தாள் எழுதியது பாண்டியராஜ். சின்னமுத்து சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. உடைந்த ஓட்டை மாற்றினான், ஜன்னல் கம்பிக்குப் பழைய பச்சையையே தேடிப் பிடித்து அடித்தான், அம்மியை ஆறு பேரை வைத்துத் தூக்கி வந்து அதே இடத்தில் போட்டான். இந்த மும்முரத்தில் பொன்னுமணியிடம் கொடுத்துவிட்டு வந்த காகிதம் அவனுக்குச் சுத்தமாக மறந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்புச்செல்வன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திறங்கினார். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால்தான் சின்னமுத்துவின் மனைவி ராமுத்தாய் பால் காய்ச்சுகிறாள் போலும் என்று பாண்டியராஜ் நினைத்துக்கொண்டான். கோட்டும் இல்லை, சூட்டும் இல்லை. அன்புச்செல்வன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்.

"எம்புட்டு எளிமையான மனுசன், பாரு," என்று பானுவிடம் வியந்தான்.

அன்புச்செல்வன் நிலைக்கதவில் இருந்த பென்சில் கோடுகளைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டார். 'அ' கோட்டுக்குப் பக்கத்தில் முதுகை ஒட்டி நின்றார். சின்னமுத்துவும் வந்து நின்றார். நாற்பத்தெட்டு வயது ஆட்கள் இருவரும் உச்சந்தலையில் கை வைத்து அளந்துகொண்டார்கள். அப்போது பின்னால் ரயில் கூவியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "டேய், பெல்லடிச்சிருவாங்கடா!" என்று கத்திவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

திருப்பதி ஐயா வந்தார். ஒவ்வொரு ரூமாகப் பார்த்தார். தரையை மிதித்தார், ஓட்டை அண்ணாந்து பார்த்தார், அம்மியையும் பார்த்தார்.

"வேலை சுத்தமா இருக்கு தம்பி. ஆனா எங்க வீடும் அச்சு அசல் இதேதான். இந்த மாதிரி வீட்டுல பதினோரு பேரு பங்காளிகளோட படுத்து எந்திரிச்சு, வெறுத்துப்போயித்தான் நான் லாட்ஜே கட்டுறேன்."

பாண்டியராஜுக்கு நாலாவது செல்போன் கடை கண்ணுக்குத் தெரிந்தது.

"ஐயா, ரெண்டு தெரு தள்ளி இன்னொரு வீடு முடிச்சிருக்கோம். ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவோமா?" என்றாள் பானு.

"எந்த வீடு?" என்று பாண்டியராஜும் கேட்டான்.

அரை மணி நேரத்தில் திருப்பதி ஐயா வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். "இத மொதல்லயே காட்டியிருக்கக் கூடாதா தம்பி! அந்தக் கிச்சனு, அந்தக் கூரையில லைட்டு, அந்த அலமாரி! பதினாலு ரூமும் அதே மாதிரி போட்டுரு."

பாண்டியராஜ் சின்னமுத்துவைத் தேடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டான். அந்த மனிதர் அன்று தரையில் வீசிய ஒவ்வொரு சாம்பிளும் எங்கே போய் முளைத்திருக்கிறது! "அண்ணே, நீங்க தெய்வம்ணே," என்றான். "சாப்டீகளா?" என்று கேட்டார் தெய்வம்.

அப்போதுதான் வாசலில் பொன்னுமணி மஞ்சள் கவரோடு செருப்பைக் கழற்றுவதைப் பார்த்தான். பாய்ந்து ஓடினான்.

"அக்கா! மொதல்ல சாப்பிடுங்க. பந்தியில எடம் இருக்கு."

"சோறு எங்க ஓடிப்போகுது? கையெழுத்த வாங்கிட்டு உக்காருறேன்."

"வேணாம்க்கா. ரத்து வேணாம். அன்னைக்கு ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்." கவரைப் பிடுங்கி இடுப்பு வேட்டிக்குள் செருகினான்.

"அது நகல் தம்பி. அசலு பையில இருக்கு," என்று பொன்னுமணி இன்னொரு கவரை எடுத்தாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்; அதனால் பேசுவதெல்லாம் தெருவுக்கே கேட்கும். பந்தியில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். சாம்பார் வாளியோடு அன்புச்செல்வனும், தண்ணீர்ச் செம்போடு சின்னமுத்துவும் அருகில் வந்தார்கள்.

"கையெடுத்துக் கும்புடுறேன்க்கா," என்று பாண்டியராஜ் கிசுகிசுத்தான். "சின்னமுத்தண்ணன் தங்கமான மனுசன். பவர் அவர்ட்டயே இருக்கட்டும்."

"அவர்ட்ட பவரா?"

பொன்னுமணி கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றிச் சின்னமுத்துவிடம் நீட்டியபடியே சொன்னாள்:

"ஏந்தம்பி, பவர் குடுத்ததே இந்தச் சின்னமுத்துதான், வாங்கிக்கிட்டவருதான் அந்தா சாம்பார் வாளியோட நிக்கிறாரு. இத்தன நாளும் நீ வீட்டுக்காரரப் பத்தியா ஏஜென்ட்டுகிட்டப் புகார் சொல்லிக்கிட்டு இருந்த?"